கான்கிரீட் கட்டடத்தின் வயது: கம்பி, கவர், ஈரம்

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், 1994-இல் கட்டப்பட்ட மூன்று மாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: இரண்டாம் மாடியில் படுக்கையறைக் கூரையின் பூச்சு பெயர்ந்து விழுந்து, உள்ளே துருவேறிய கம்பி தெரிகிறது, பெயிண்ட் வேலை எடுத்துச் செய்பவர் ஒருவர் மறுபடி பூசி வண்ணம் அடித்துத் தருவதாகச் சொல்கிறார், உறவினர் ஒருவரோ, கான்கிரீட்டின் ஆயுளே ஐம்பது ஆண்டுதான், இப்போதே விற்றுவிடுங்கள் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம் என்பது என் பதில். முப்பது ஆண்டு தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கட்டடத்தையும் கைவிடத் தேவையில்லை. அதே சமயம், துருவேறிய கம்பியின் மேல் பூசுவதால் துரு நிற்காது. கண்ணுக்குத் தெரியாமல் தொடரும், அவ்வளவுதான். இவ்விரண்டும் ஏன் என்று விளங்கிவிட்டால், என்ன செய்வது என்பதைக் குடியிருப்போர் சங்கமே பெரும்பாலும் தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த ஐம்பது ஆண்டுக் கணக்கு. அது வெறும் வதந்தி அன்று. ஐரோப்பிய விதிநூல்கள் சாதாரணக் கட்டடங்களுக்கு 50 ஆண்டு வடிவமைப்பு ஆயுள் என்று வைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த நூல்கள் அதற்குத் தரும் பொருள் வேறு: எதிர்பார்க்கப்பட்ட பராமரிப்பைச் செய்துவந்தால், பெரிய பழுதுபார்ப்பு இல்லாமலேயே கட்டடம் பயன்படக்கூடிய காலம். பராமரிப்பே செய்யாத கட்டடத்துக்கு அந்த உறுதி கிடையாது. நன்றாகப் பராமரித்த கட்டடம் 51-ஆம் ஆண்டில் விழுந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1903-இல் முடிக்கப்பட்ட பதினாறு மாடி இங்கல்ஸ் கட்டடம், கம்பி போட்ட கான்கிரீட்டால் எழுப்பப்பட்ட முதல் வானளாவி. அது இன்றும் நிற்கிறது. சென்னைக் கடலோரத்திலோ இருபதாவது ஆண்டிலேயே கூரை உரியத் தொடங்கிய வீடுகள் ஏராளம். ரோமாபுரியின் பாந்தியன் கோயில் பத்தொன்பது நூற்றாண்டுகளாக நிற்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அதன் கான்கிரீட்டுக்குள் கம்பியே இல்லை, ஆகவே துருப்பிடிக்கவும் ஏதும் இல்லை. நாம் ஐந்து அங்குலத் தடிமனில் போடும் மாடித்தளம் கம்பி இல்லாமல் ஒரு நாளும் நிற்காது என்பதால், அந்த ஒப்பீட்டில் நமக்குப் பயன் இல்லை.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே இழுப்பு வரும் இடங்களில் எல்லாம் கம்பி வைக்கிறோம்: தளத்தின் நடுவில் அடிப்பக்கம், வெளியே நீளும் பால்கனியில் மேற்பக்கம். இரும்பு துருப்பிடிக்கும் என்று தெரிந்தும் அதை உள்ளே புதைக்க நமக்குத் துணிவு தந்தது சிமெண்டின் வேதியியல். சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, பெருமளவில் உண்டாகிறது. அதனாலும் சிமெண்டில் உள்ள பிற காரங்களாலும் புதிய கான்கிரீட்டின் நுண்துளை நீரின் பிஎச் அளவு 12.5-க்கும் மேலே இருக்கும். அத்தனை காரத்தன்மையில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தானாகப் படிந்து, கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை ஈரம் பட்டாலும் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. கட்டடத்தின் முதுமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அந்தப் படலம் எப்போது எப்படி அழிகிறது என்ற கதைதான்.

அது அழிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, காற்றிலுள்ள கரியமில வாயு. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே நுழைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. இந்தக் கார்பனேற்றத்தால் கான்கிரீட்டுக்கு நேரடிக் கெடுதல் இல்லை. சற்றுக் கடினமாகவும் ஆகும். ஆனால் பிஎச் அளவு 9-க்குக் கீழே இறங்கிவிடுவதால், மாற்றம் கம்பியின் ஆழத்தை எட்டிய அன்றே அதன் காப்புப் படலம் போய்விடும். இந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நகர்கிறது. இந்த வர்க்கமூலம்தான் முழு விஷயத்தின் திறவுகோல் என்பதால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டடத்தில் ஒன்பது ஆண்டுகளில் 9 மி.மீ. ஆழம் கார்பனேற்றம் அடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன், அதாவது கட்டுமான வேலையில் எல்லோரும் 'கவர்' என்று சொல்வது, 15 மி.மீ. என்றால் கம்பியை எட்ட 25 ஆண்டுகள் ஆகும். கவர் 30 மி.மீ. இருந்தால் 100 ஆண்டுகள் ஆகும். தடிமன் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகிறது. அதே 15 மி.மீ. கவர் மேஸ்திரியின் கவனக்குறைவால் 7 மி.மீ. ஆகிவிட்டால், ஆறாவது ஆண்டிலேயே கம்பி காப்பை இழந்துவிடும். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கிடைக்கும் கவர் பிளாக்குகளை வைக்காமல் கம்பிக்கு அடியில் ஜல்லிக்கல்லைச் செருகிவிட்டுப் போனவர்கள், அந்தக் கட்டடத்தின் ஆயுளில் எத்தனை பத்தாண்டுகளைக் கழித்தார்கள் என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

இரண்டாவது வழி உப்பு. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் போதுமான அளவில் கம்பியை அடைந்தால், பிஎச் அளவு குறையாமலே காப்புப் படலம் ஆங்காங்கே உடையும். கார்பனேற்றத்தால் வரும் துரு கம்பி முழுவதும் ஏறத்தாழச் சீராகப் பரவும். குளோரைடால் வரும் துருவோ சில இடங்களில் மட்டும் குழி குழியாக உள்ளே அரித்துச் செல்லும். குழி விழுந்த இடத்தில் கம்பி பாதி தேய்ந்திருந்தும் வெளியே பெரிய விரிசல் தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால், இரண்டில் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். தவிரவும், குளோரைடு இந்த வினையில் செலவாகித் தீர்ந்துபோவதில்லை; மீண்டும் மீண்டும் வினையில் ஈடுபடும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? கடற்காற்றில் மிதந்துவரும் நுண்துளிகள் ஒரு வழி. சென்னைக் கடலோரப் பகுதிகளில் இதைவிட மோசமானது, கட்டும்போதே உள்ளே சென்ற உப்பு. கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது, இந்தியாவின் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்லும் விதி. கடல்நீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம். கடற்கரையை ஒட்டிய இடத்தில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் கடல்நீர் சிறிதளவு கலந்திருந்தாலும் அந்த வரம்பு மீறப்பட்டுவிடும். குடிக்க லாரி நீரும் கட்ட போர் நீரும் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. கான்கிரீட் போட்டபின் பல நாள் அதே உப்பு நீரை ஊற்றியே ஆற்றினார்கள், அதாவது ஈரமாக வைத்து இறுகவிட்டார்கள். அந்தக் கட்டடங்களில் உப்பு வெளியிலிருந்து கவரைக் கடந்துவர வேண்டிய அவசியமே இல்லை.

1990-களின் கட்டடங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்தது 1978-ஆம் ஆண்டின் ஐஎஸ் 456. அதன்படி எம்15 தரக் கான்கிரீட்டும் (எண் கூடினால் வலிமை கூடும்), தளத்துக்கு 15 மி.மீ. கவரும் போதும். 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் 'கடுமையான சூழல்' என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 தரமும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. அன்று கட்டியவர் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தாலும், இன்று நமக்குத் தெரிந்த அளவுகோலில் அந்தக் கட்டடம் கடற்கரைக்குப் போதாது. அதோடு, அக்காலத்தில் பரவலாக இருந்த முறுக்குக் கம்பி, குளிர்நிலையில் முறுக்கப்பட்டதால் உள்ளே எஞ்சிய தகைவுகளை, அதாவது உள்விசைகளைக் கொண்டது. பின்னால் வந்த டிஎம்டி கம்பியைவிட எளிதில் துருப்பிடிப்பது. ஆகவே கேள்வி கேட்டவரின் கூரை முப்பது ஆண்டில் இப்படி ஆனது விபத்தும் அன்று, கட்டியவரின் தனிப்பட்ட மோசடி என்று உடனே முடிவுகட்டவும் இடமில்லை.

காப்புப் படலம் போனபின் துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். மிக வறண்ட கான்கிரீட்டிலும் எப்போதும் நீரில் மூழ்கிய கான்கிரீட்டிலும் துரு மெதுவாகவே நகரும்; நனைந்து காய்ந்து மறுபடி நனையும் கான்கிரீட்டில்தான் விரைவாக நகரும். ஒரே கட்டடத்தில், ஒரே நாளில் போட்ட தளத்தில், கூடத்தின் கூரை நன்றாக இருக்க, குளியலறைக்குக் கீழுள்ள கூரை உரிவதற்கு இதுவே காரணம். துரு தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். சுற்றிலும் இறுகிய கான்கிரீட்டுக்குள் அந்த இடம் கிடைக்காததால் அது கவரைப் பிளக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தேய்மானமே விரிசலுக்குப் போதும். முதலில் கம்பியின் போக்கிலேயே ஓடும் மெல்லிய கோடு, பிறகு பழுப்புக் கறை, பிறகு சுத்தியலால் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும் பகுதி, கடைசியில் பெயர்ந்து விழும் துண்டு என்று வரிசை போகும். துண்டு விழும்போதுதான் நாம் கவனிக்கிறோம். துரு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

தேய்மானத்தின் பொருளையும் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் போடும் 8 மி.மீ. கம்பி ஒரு மில்லிமீட்டர் தேய்ந்து 7 ஆனால், விட்டம் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. குறுக்குப் பரப்போ ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்துவிட்டது. 12 மி.மீ. கம்பியில் அதே ஒரு மில்லிமீட்டருக்கு 16 சதவீதம் போகும். மெல்லிய கம்பி போட்ட தளமும் சன்ஷேடும் முதலில் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டால், என் அனுபவத்தில் நீர் நிற்கும் இடங்களையே முதலில் சொல்வேன். நம் ஊரில் குளியலறைத் தளத்தைச் சற்றுத் தாழ்த்திப் போட்டு, பள்ளத்தில் செங்கல் துண்டும் இடிபாடும் நிரப்பி மேலே டைல் ஒட்டும் வழக்கம் உண்டு. குழாய் இணைப்பு ஒன்று கசிந்தாலும், டைல் இடுக்கில் நீர் இறங்கினாலும், அந்த நிரப்பு ஆண்டுக்கணக்கில் ஊறியபடி கிடக்கும். கீழ்வீட்டுக்காரர் கூரையில் உப்புப் பூப்பதைப் பார்த்து வெள்ளையடித்துக்கொண்டே இருப்பார். மேல்வீட்டுக்காரர் தம் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்வது உண்மையாகவே இருக்கும், ஏனெனில் அவர் கண்ணில் படுவது எதுவுமில்லை. இந்தச் சண்டையில் சங்கம் தலையிட்டு, செலவைப் பொதுச்செலவாகவோ பகிர்ந்தோ முடித்துவைப்பது, பின்னால் தளத்தைப் பழுதுபார்ப்பதைவிடப் பல மடங்கு மலிவு.

அடுத்தது மொட்டை மாடி. பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சரிவாக இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். அந்த வேலையை நன்றாகச் செய்திருந்தால் அது வெயிலையும் தடுக்கும், நீரையும் ஓடவிடும். தட்டோட்டின் இணைப்புகள் திறந்துகொண்டபின், அதே சுண்ணாம்புப் படுகை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாடித்தளத்துக்கு வெயிலால் வரும் அசைவும் உண்டு. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு ஏறக்குறைய நூறில் ஒரு மில்லிமீட்டர் நீளும். 20 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி வேறுபாட்டுக்கு 6 மி.மீ. நீள வேண்டும். கீழே உள்ள சுவர் அத்தனை நீள்வதில்லை. மேல்மாடி வீடுகளில் கூரையும் சுவரும் சேருமிடத்தில் கிடைமட்டமாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இதனால் வருவது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நீர் புகாமல் நெகிழ்வான பூச்சுப்பொருளால் அடைத்துவிட்டால் போதும். அஞ்ச வேண்டியவை தூணிலும் பீமிலும் கம்பியின் போக்கில் வரும் நெடுக்கு விரிசல்கள்.

சன்ஷேடு, பால்கனி ஆகியவற்றைத் தனியே சொல்ல வேண்டும். இவற்றில் முக்கியக் கம்பி மேற்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கீழிருந்து யாராலும் பார்க்க முடியாது. கான்கிரீட் போடும்போது ஆட்கள் கம்பிக்கூட்டை மிதித்து நடப்பதால், அது கீழே இறங்கிப்போய் வலிமையை இழந்திருப்பதும் உண்டு. தளம் கெட்டால் முதலில் தொய்ந்து, உரிந்து, எச்சரித்துவிட்டுத்தான் விழும். பால்கனிக்கு அந்தப் பொறுமை குறைவு. அதன் மேற்பரப்பில் சுவரை ஒட்டி ஓடும் விரிசல் தென்பட்டால் அன்றே ஆட்களை அங்கே நிற்கவிடாமல் தடுப்பது நல்லது. ஏசி வெளிப்பெட்டியின் நீர் சன்ஷேடில் சொட்டிக்கொண்டிருப்பதும், கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருப்பதும் அற்பமாகத் தெரியும். இரண்டுமே கம்பிக்கு நீர் கொண்டுசெல்லும் வழிகள். கன்றை ஒடித்துவிட்டால் போதாது, வேரோடு எடுத்து வெடிப்பை அடைக்க வேண்டும்.

தரைத்தளத்தில் வீடுகள் இல்லாமல் தூண்களுக்கு இடையே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் வாகன நிறுத்தம் உள்ள கட்டடங்களில் தூணின் அடிப்பகுதியையும் பாருங்கள். மழைநீர் தேங்கி வற்றும்போது தூண் அடியிலிருந்து நீரை உறிஞ்சும். நீர் ஆவியாகி உப்பு மட்டும் தரைக்குச் சற்று மேலே தங்கிவிடும். சுவரில் டைல் ஒட்டுவதுபோல் தூணைச் சுற்றி டைலோ கிரானைட்டோ ஒட்டிவைக்கும் வழக்கம், பார்வைக்கு அழகு, பரிசோதனைக்குப் பகை.

கட்டடத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறியும் சோதனைகளில் விலை உயர்ந்தவை பல உண்டு. ஆயினும் அனுபவமுள்ள பொறியாளர் முதல் நாளில் செய்வது சுத்தியலால் தட்டிக் கேட்பதுதான். ஒரு சிறு துளை போட்டு, புதிதாக உடைந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், கார்பனேற்றம் அடைந்த பகுதி நிறம் மாறாது. அந்த எல்லையைக் கம்பியின் ஆழத்தோடு ஒப்பிட்டால், மேலே போட்ட வர்க்கமூலக் கணக்கை உங்கள் கட்டடத்துக்கே போட்டுவிடலாம். குளோரைடு அளவுக்கு, வெவ்வேறு ஆழங்களில் துளையிட்ட தூளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கடலோரக் கட்டடத்தில் இந்தச் சோதனையை விட்டுவிட்டுக் கொடுக்கும் அறிக்கையை நான் முழு அறிக்கையாக ஏற்பதில்லை. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனையில், செம்பு–செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு −350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாக வந்தால், அங்கே துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று கொள்வார்கள். மேற்பரப்பில் அடித்து, சுத்தியல் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்து வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் சுத்தியல் சோதனையைப் பலரும் முதலில் கேட்பார்கள்; அதை மட்டும் நம்ப வேண்டாம்: கார்பனேற்றம் மேற்பரப்பைக் கடினமாக்கிவிடுவதால், கெட்டுப்போன பழைய கான்கிரீட்டில் அது நல்ல எண்ணைக் காட்டும். ஐயம் இருந்தால் கோர், அதாவது உருளை வடிவக் கான்கிரீட் மாதிரி, வெட்டி எடுத்து உடைத்துப் பார்ப்பதே தீர்வு.

இனிப் பழுதுபார்ப்பு. பெயிண்ட் வேலைக்காரர் சொல்லும் முறையில், தொங்கும் பூச்சைத் தட்டிவிட்டு, கம்பியின் மேல் ஏதோ ஒரு துருநீக்கியைத் தடவி, சிமெண்ட் கலவை பூசி, பட்டி பார்த்து வண்ணம் அடிப்பார்கள். இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து அதே இடம் மீண்டும் விழும். முறையான வேலையில் முதலில் கசிவை நிறுத்த வேண்டும். அது நிற்காமல் கீழே செய்வதெல்லாம் வீண். பிறகு, வேலை நடக்கும் பகுதியின் பாரத்தை ஜாக்கி முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். கெட்ட கான்கிரீட்டை, ஓரங்களை நேராக வெட்டி, கம்பியின் பின்புறமும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை உடைத்தெடுக்க வேண்டும். கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மேற்பக்கத்தைப் பழைய கான்கிரீட்டுக்குள் விட்டுவைப்பதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு. துருவை உலோகம் பளிச்சிடும்வரை நீக்கி, மிஞ்சியுள்ள விட்டத்தை அளந்து, குறைவு மிகுதியானால் பொறியாளர் சொல்லும் அளவில் புதுக் கம்பியை உரிய நீளத்துக்கு ஒட்டிச் சேர்க்க வேண்டும். அதன்பின் துருத்தடுப்புப் பூச்சு, பிணைப்புப் பூச்சு, பாலிமர் கலந்த கலவை அல்லது பலகை அடித்து ஊற்றும் மைக்ரோ கான்கிரீட் (மிகச் சிறிய ஜல்லி கலந்த, எளிதில் பாயும் கான்கிரீட்) என்று வரிசை போகும். கடைசியில், ஈரம் சீக்கிரம் காய்ந்துவிட இடம் தரக் கூடாது. புதுக் கலவையையும் நீர் தெளித்து ஆற்ற வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

உப்பு ஏறிய கட்டடத்தில் இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல் மிஞ்சும். கெட்ட இடத்தில் அரித்துக்கொண்டிருந்த கம்பி, மின்வேதியியல் முறையில் சுற்றியுள்ள கம்பியை ஓரளவு காத்துவந்தது. அந்த இடத்தைப் புதிய, காரம் மிகுந்த கலவையால் சரிசெய்தபின், காப்பு இழந்த அக்கம்பக்கக் கம்பி அரிக்கத் தொடங்கும். ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்க, அதன் விளிம்பைச் சுற்றி ஓரிரு ஆண்டில் உரியும். அதனால்தான் குளோரைடு அளவைத் தெரிந்துகொள்ளாமல் ஒட்டுப்போடக் கூடாது. அளவு மிகுதியானால், ஒட்டின் விளிம்புகளில் தன்னை இழந்து கம்பியைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளைப் பதிப்பார்கள், அல்லது ஒட்டு ஒட்டாகச் செய்யாமல் தளத்தின் அடிப்பகுதி முழுவதையும் மாற்றுவார்கள்.

தள்ளிப்போடுவதன் விலைக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு கடற்கரையில் இருந்த சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத். 1981-இல் முடிக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று அதிகாலை இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தைச் சரிவில்லாமல் மட்டமாகப் போட்டதால் நீர் வடியாமல் நிற்கிறது, நீர்த்தடுப்பு கெட்டு அடியிலுள்ள கான்கிரீட் பழுதாகிவருகிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளரின் அறிக்கை எழுதியிருந்தது. அந்தத் தளம் தொடக்கத்திலேயே போதிய வலிமையோடு வடிவமைக்கப்படவில்லை என்பதும் பின்னர் விசாரணையில் தெரியவந்தது. ஆகவே முழுப் பழியையும் துருவின் மேல் போடுவது சரியாகாது. வடிவமைப்பில் உபரி வலிமை இல்லாத கட்டடத்துக்குப் பராமரிப்பைத் தாமதிக்கும் உரிமை இன்னும் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன்பின் புளோரிடா, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு முப்பதாவது ஆண்டில் கட்டாயப் பரிசோதனை என்று 2022-இல் சட்டம் இயற்றியது. கடலோரத்துக்கு அந்தச் சட்டம் இருபத்தைந்தாவது ஆண்டு என்று வைத்தது. மகாராட்டிரத்தில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், 15 முதல் 30 ஆண்டு வயதுள்ள கட்டடங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், 30-ஐத் தாண்டியவற்றுக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறையும் கட்டமைப்புத் தணிக்கை கேட்கின்றன. யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் சென்னைக் கடலோரச் சங்கங்கள் இந்தக் காலஅட்டவணையைத் தாமாகவே எடுத்துக்கொள்ளலாம். இங்கேயே, திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட குடியிருப்புத் தொகுதி ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. விரிசல் கண்ட அவர்கள் பூசி மறைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கவில்லை.

செலவைப் பற்றிப் பொறியாளர்களிடையே டி சிட்டர் என்பவர் 1984-இல் சொன்ன ஐந்தின் விதி ஒன்று புழங்குகிறது: கட்டும்போது சரியாகச் செய்ய ஒரு ரூபாய் என்றால், துரு தொடங்குமுன் பராமரிக்க ஐந்து, துரு தொடங்கியபின் பழுதுபார்க்க இருபத்தைந்து, எல்லை மீறியபின் நூற்றிருபத்தைந்து. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், விகிதத்தின் போக்கு சரியானது. ஐந்து ரூபாய்க் கட்டத்தில் செய்ய வேண்டியவை எளியவை: வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, மாடியின் நீர்வடி வாய்களைச் சுத்தம் செய்வது, தட்டோட்டு இணைப்புகளை அடைப்பது, நீர்க்குழாய்க் கசிவைக் கண்ட வாரத்திலேயே சரிசெய்வது, ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை வெளிச்சுவருக்கு விரிசல்களை அடைத்தபின் நல்ல வெளிப்புறப் பூச்சு அடிப்பது. பத்தாயிரம் லிட்டர் கூடுதல் தொட்டி பத்து டன் எடை என்பதை மறந்துவிட்டு அதை மாடியில் ஏற்றாமல் இருப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததே.

இடித்துக் கட்டுவது எப்போது? பெரும்பாலான தூண்களிலேயே குளோரைடு கம்பியை எட்டி, கம்பி குழி விழுந்திருந்தால், பழுதுபார்க்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவை நெருங்கும்; அப்போது மறுகட்டுமானம் நியாயமானது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் அதற்கு வழிசெய்கிறது. தளங்கள் மட்டும் கெட்டு, தூண்களும் பீம்களும் நல்ல நிலையில் இருக்கும் கட்டடத்துக்கு இன்னும் பல பத்தாண்டு வாழ்க்கை உண்டு. இடிக்கச் சொல்லும் ஆலோசனை, கூடுதல் மாடி கட்டி லாபம் பார்க்க விரும்பும் ஒருவரிடமிருந்து வந்தால் இரண்டாவது கருத்து கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு நேராக: அந்தப் படுக்கையறையில் உரிந்த பகுதிக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம், தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகளை முட்டுக்கொடுத்தபின் ஆள் வைத்துத் தட்டி இறக்கிவிடுங்கள். மேலே குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் குழாய்களை அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெயிண்ட் வேலைக்கு முன்பணம் தராமல், சங்கத்தின் பெயரில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அமர்த்தி, கார்பனேற்ற ஆழம், குளோரைடு அளவு, கவர் ஆழம், கம்பியின் எஞ்சிய விட்டம் ஆகிய நான்கையும் எல்லா மாடிகளுக்கும் எழுத்தில் கேளுங்கள். பழுதுபார்க்கும் வேலையைச் செய்யப்போகும் நிறுவனமே இந்தச் சோதனையையும் இலவசமாகச் செய்துதருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். அறிக்கையைக் கட்டட வரைபடத்தோடும் புகைப்படங்களோடும் சங்கத்தின் கோப்பில் வைத்திருங்கள். மூன்று ஆண்டு கழித்து வரும் பொறியாளர் ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.